வரிசையில் ஒரு காலியிடம்

தரையிறங்க வரும் விமானங்களை ஐந்து மைல் இடைவெளியில் வரிசைப்படுத்துவது அவள் வேலை. அன்று ஓரிடத்தில் மட்டும் பத்து மைல் கிடந்தது. சிக்கனத்துக்கு விருது வாங்கிய மேலதிகாரி, கோட்டுப் பொத்தானைத் தடவியபடி அவளுடைய ரேடார் திரைமுன் வந்து நின்றார்.

“வானத்தை வீணடிக்கிறியேம்மா. பின்னாடி வர்றவனை நெருங்கி வரச் சொல்லு, இல்ல நாற்காலியைக் காலி பண்ணு.”

“சொல்லிட்டேன் சார். அவர் வர மாட்டேங்கிறார்.”

மேலதிகாரி மைக்கை வாங்கித் தானே ஆணையிட்டார்.

“முன்னால போறவர்மேல போய் மோதச் சொல்றீங்களா சார்?” என்றார் விமானி.

திரையில் அங்கே ஒன்றுமில்லை. மேலதிகாரி மைக்கைப் பூப்போல வைத்தார்.

முதல் விமானம் இறங்கியது. அடுத்தது காலியிடத்தின் முறை. அவள் கோபுரத்துக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். ஓடுதளம் வெறுமையாகக் கிடந்தது. கீழே நின்ற ஊழியர் இரு கைகளையும் ஆட்டி எதையோ அழைத்து நிறுத்தினார். படிக்கட்டை உருட்டிக்கொண்டு போனார். பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார், வெகுநேரம்.