பரவை ப்ளே ஸ்கூல்

“ப்ரீ கேஜி படிக்காத பிள்ளைக்கு இங்க எல்.கே.ஜி. சீட் கிடையாதுங்க. எத்தனை தடவ சொல்றது?”

தலைமையாசிரியை சாவித்ரி சொன்னது முத்துக்குமரனிடம் இல்லை. அவனுக்கு முன்னால் நின்ற பேயாண்டி என்பவரிடம். ப்ரீ கேஜி போகாத பிள்ளை ஒரு இடத்தில் உட்காராது, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், முதல் மாசம் முழுக்க அழும் என்று சாவித்ரி விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முத்துக்குமரன் ஒரு அடி முன்னால் நகர்ந்தான். இதோடு நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாயிற்று. விளாங்குடியில் அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பது இது ஒன்றுதான். இதுவும் கைவிட்டுப் போனால் மகள் அஸ்வினிக்கு ஒரு வருஷம் வீண்.

“அடுத்து அஸ்வினி. வாங்க, உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். மூன்றரை வயது அஸ்வினி காலைக்கூட ஆட்டவில்லை.

“ப்ரீ கேஜி எங்க படிச்சா?”

“பரவைல மேடம்,” என்று முந்திக்கொண்டாள் அவன் மனைவி மீனா. “ஒரு ப்ளே ஸ்கூல் மாதிரி. பஸ்ஸ விட்டு இறங்குனா மார்க்கெட்டு இருக்குல்ல, அங்கனதான்.”

“கேள்விப்பட்டதே இல்லையே. டைமிங் என்ன?”

“காலையில ஆறு மணிக்குப் போனா மதியம் ஒரு மணி வரைக்கும்.”

சாவித்ரி பேனாவைக் கீழே வைத்தார். “ஆறு மணிக்கேவா?”

“லேட்டாப் போனா அங்க ஒண்ணும் தேறாது மேடம்,” என்றான் முத்துக்குமரன். மேசைக்கு அடியில் மீனா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

“டீச்சர்ஸ் எத்தன பேரு?”

“ரெண்டு பேரு,” என்றாள் மீனா. “ஒண்ணு, ரெண்டு சொல்லிக்குடுக்கிறது மொக்கையன். பெருசு, சிறுசு, கலரு எல்லாம் பேச்சிமுத்து.”

“மொக்கையன் மாமா,” என்று திருத்தினாள் அஸ்வினி.

“மாமாவா?”

“சார்னு கூப்பிட்டா அவருக்குக் கூச்சமா இருக்குமாம் மேடம்,” என்றாள் மீனா.

சாவித்ரி படிவத்தின் ஓரத்தில், ‘நல்ல அணுகுமுறை’ என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து அறையில் ஒரு பையன் வீரிட்டு அலறினான். இவர்கள் வந்ததிலிருந்தே அந்தச் சத்தம்தான். சாவித்ரி காதில் விழாதவர் மாதிரி ஒரு கூடை மர மணிகளை மேசைமேல் கொட்டினார்.

“இதப் பிரிச்சு வை பாப்போம், கண்ணு.”

எப்படிப் பிரிக்க என்று அஸ்வினி கேட்கவில்லை. பெரிசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடிசு ஒரு குவியல். மளமளவென்று பிரித்துப் போட்டாள். கடைசியாக, சாயம் உரிந்த ஒரு மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆகாது” என்று தனியாகத் தள்ளினாள்.

“அடேயப்பா! இம்புட்டு கவனமா?” என்றார் சாவித்ரி.

அப்போது ஆயா ஓடிவந்தாள். “மேடம், அவன் காரை யாருக்கும் தர மாட்டேங்கிறான். மத்த பிள்ளைங்க எல்லாம் அழுகுதுங்க.”

திறந்த கதவு வழியே தெரிந்தது. ஒரு பையன் சிவப்புப் பொம்மைக் காரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே அஸ்வினி நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முத்துக்குமரன் எழுந்திருக்கப் போனான். மீனா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அஸ்வினி கீழே கிடந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “ரெண்டு தாரேன். அதக் குடு.”

பையன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

இன்னொன்றையும் வைத்தாள். “மூணு. அதுக்கு மேல கட்டாது.”

பையன் கட்டையைப் பார்த்தான், காரைப் பார்த்தான், காரை நீட்டினான். அஸ்வினி அதை வாங்கி, அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து அறை கப்சிப்பென்று ஆனது.

“நாங்க இவனோட ஒரு வருஷமாப் படாத பாடு படுறோம்,” என்றார் சாவித்ரி. “பாத்தீங்களா? ப்ரீ கேஜி படிச்ச பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் இதுதான் வித்தியாசம்.”

படிவத்தில் ‘சேர்க்கப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது. முத்துக்குமரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

“ஒரு நிமிஷம்.” சாவித்ரி எழுந்துவந்து கதவைச் சாத்தினார்.

போச்சு, சர்டிபிகேட் கேட்கப் போகிறார் என்று நினைத்தான் அவன்.

“அந்தக் காரை வச்சுக்கிட்டுக் கத்துனானே, ஸ்ரீராம்குமார், அவன் என் பேரன்,” என்று குரலைத் தாழ்த்தினார் சாவித்ரி. “இங்க, எங்க ப்ரீ கேஜிலதான் ஒரு வருஷமாப் படிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா, பரவைல அவனுக்கு ஒரு சீட் கிடைக்குமா?”

முத்துக்குமரன் மீனாவைப் பார்த்தான். மீனாவோ துளியும் சிரிக்காமல், பரவை மார்க்கெட்டில் இருக்கிற தங்கள் வெங்காயக் கடையில், மொக்கையனின் தராசுக்கும் பேச்சிமுத்துவின் மூட்டைக்கும் நடுவே இன்னொரு பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “காலையில ஆறு மணிக்கு அனுப்பிவிடுங்க மேடம், பழைய சட்டையாப் போட்டு விட்டாப் போதும்” என்றாள்.