ஒன்றரை மணி நேர தூரம்

ரெசொலூட்டிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று கேட்டதும் சியாசிக்கு வயிறு எரிந்தது. காலையில், கனடாவின் வடகோடியில் இருக்கும் தங்கள் ஊரான கிரைஸ் ஃபியோர்டை மூடியிருந்த பனிமூட்டத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். அதுவும் விலகிவிட்டது.

"எவ்வளவு நேரத்துல வரும்?"

"ஒன்றரை மணி நேரம். என்னமோ புதுசா கேக்கற?" என்றார் விமான நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் தாகாக்.

"அந்த ஊரு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா?"

"லீதியா ஒரு நாள்தானே இருக்கப் போறா, விடேன்."

"ஒரு நாள் வந்து சிரிச்சிட்டுப் போயிடுவா. அப்புறம் மாசம் பூரா அவன் வாயில அவ பேருதான். இன்னிக்கு நான் சொல்லாமலே தலை வாரிட்டு நிக்கிறான், பாருங்க."

விமானம் இறங்கியது. லீதியா படியில் தெரிந்ததும் அவன் சியாசியின் கையை உதறிவிட்டு ஓடினான். லீதியா மண்டியிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

"முன்பல்லு எங்கடா?"

ஆறு வயது அனிங் ஈறு தெரியச் சிரித்தான். பெற்றவளின் அதே சிரிப்பு. பிறந்த அன்றே அவனைச் சியாசியிடம் வளர்க்கக் கொடுத்தவள் லீதியாதான்.

பையனைத் தூக்கிக்கொண்டு வந்தவள், சியாசியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன்ல கூப்பிட்டா, 'அம்மா சொன்னாங்க, அம்மா செஞ்சாங்க'ன்னு உங்க பேச்சுதான்க்கா. வழியெல்லாம் உங்க மேல பொறாமைப்பட்டுக்கிட்டே வந்தேன்."

சியாசி அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"வா, கடல்நாய்க் கறி வெச்சிருக்கேன். உனக்கும் சேர்த்துத்தான்."