யாருக்காக என்ற கட்டம்

மூன்றாவது கோடு வரவில்லை.

மறுபடி பொத்தானை அழுத்தினான். திரையின் நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து இரண்டு கோடுகள். கோடுகளின் முனையில் இரண்டு வட்டங்கள்.

அவ்வளவுதான்.

மருத்துவமனையின் கூடத்தில் நாற்பது பேர். தரவுகளை இணைப்பது பற்றிய மூன்று நாள் பயிலரங்கின் கடைசி நாள். சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு வேறு. பாதிப் பேரைச் சாம்பார் சாதம் சாய்த்திருந்தது. மீதிப் பேருக்கு இரண்டு கோடே போதும் போலிருந்தது.

அவனுக்குப் போதவில்லை.

மருத்துவமனையின் பதிவேடு ஒரு பக்கம், ரத்த வங்கியின் பதிவேடு மறுபக்கம். இரண்டையும் இணைத்து, எந்த நோயாளிக்கு யாருடைய ரத்தம் போனது என்று கோடு போட்டுக் காட்டும் அறிவு வரைபடம். அவனுடைய இரண்டு வருட உழைப்பு. பெயர் எதுவும் அதில் இருக்காது, எண்கள் மட்டும்தான். அந்த விதியைப் போட்டதும் அவனே.

"ஏதோ ஒரு நோயாளி எண்ணை எடுத்துக்கொள்வோம்" என்றுதான் தொடங்கியிருந்தான்.

சுத்தப் பொய். அது அவன் மனைவி பூரணியின் எண். நான்கு வருடமாக அவனுக்கு மனப்பாடம்.

குழந்தை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை அன்றைக்கு. கிடைப்பதற்கு அரிய வகை. அவனுடையது சேரவில்லை. மூன்று பைகள் ஏற்றினார்கள். ஒன்று அவள் அண்ணன் கொடுத்தது, இன்னொன்று அவனோடு வேலை பார்ப்பவர் கொடுத்தது. மூன்றாவது, ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருந்தது.

யார் கொடுத்தது என்று கேட்டான். யாரோ, என்றாள் நர்ஸ்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பூரணி கேக்கில் முதல் துண்டை எடுத்துத் தனியாக வைப்பாள். 'யாரோ மாமா'வுக்கு என்பாள் மகள். மாமா வரமாட்டார். மறுநாள் காலையில் அதை அவன்தான் தின்பான்.

அவனுக்குப் பெயர் வேண்டாம். முகவரி வேண்டாம். ஒரு வட்டம் போதும். அதைப் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டால் போதும்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். மூன்று பைகளில் ஒன்றுக்குக் கொடுத்தவர் விவரம் இல்லை, பதிவேடுகளில் இப்படி விடுபடுவது சகஜம் என்று வகுப்பெடுக்கும் குரலில் விளக்கினான். தரவைச் சுத்தம் செய்த பக்கத்தைத் திரையில் போட்டான். முதல் நாள் அதிகக் கைதட்டல் வாங்கிய பக்கம் அது.

'யாருக்காக' என்ற கட்டம் காலியாக உள்ள பதிவுகள்: 212. முழுமையற்றவை. நீக்கப்பட்டன.

மூன்றாவது வரிசையில் சகாயராணி எழுந்தார். கீழ்த்தளத்து ரத்த வங்கியில் லேப் டெக்னீசியன். பதிவேடுகளைச் சுமந்துவந்து கொடுத்தவர். இரண்டரை நாளாக வாயே திறக்காதவர்.

"சார், அது விட்டுப்போனது இல்ல. யாருக்காகக் குடுக்கிறீங்கன்னு எல்லார்கிட்டயும் கேப்போம். சொந்தக்காரங்க பேரைச் சொல்லுவாங்க. சில பேரு, யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அந்தக் கட்டத்துல நாங்க என்னத்த சார் எழுத?"

சாம்பார் சாதக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள்.



இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒரே ஒரு கட்டளை வரி எழுதி, கொடுத்த அத்தனை பேரையும் வெளியே தள்ளியிருக்கிறான். அதற்குச் சுத்தம் என்று பெயரும் வைத்திருக்கிறான். வெட்கமாக இருந்தது.

அந்த வரியை அழித்தான்.

மறுபடி ஓடவிட்டான்.

கணினி தன் பாட்டுக்கு யோசித்தது.

மூன்றாவது கோடு வந்தது.

அதன் முனையில் ஒரு வட்டம். உள்ளே ஓர் எண். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. மாமாவாக இல்லாமல் அத்தையாகவும் இருக்கலாம். அந்த வட்டத்திலிருந்து இன்னும் ஏழு கோடுகள் கிளம்பி, அவனுக்குத் தெரியாத ஏழு எண்களுக்குப் போயின.

அந்த ஏழு வீட்டிலும் யாரோ பிழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

கைகள் தானாகக் குவிந்தன. திரையைப் பார்த்து, கண்ணை மூடி, ஒரு கும்பிடு.

அமர்வு முடிந்ததற்கான வணக்கம் என்று நினைத்துக்கொண்டு கூடம் கைதட்டியது. ஒருவர் தேநீர் எங்கே என்று கேட்டார்.

அவன் தேநீருக்குப் போகவில்லை. படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனான். சகாயராணி அவனுக்கு முன்பே அங்கு வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

பெயர் எழுதினான். வயது எழுதினான். ரத்த வகை எழுதினான். அன்றைக்குப் பூரணிக்குச் சேராத வகை.

அடுத்த கட்டம், யாருக்காக.

பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. எழுதுவதற்கு இப்போது அவனிடம் அந்த மூன்றாவது வட்டத்தின் எண் இருந்தது.

மூடியைப் போட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

சகாயராணி மேலிருந்து கீழ்வரை படித்தார். காலியாக இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். கையை நீட்டுங்க."