சிவக்காத கவுன்

பிரசவத்துக்கென்று செண்பகா எடுத்து வந்திருந்த பழைய பருத்தி நைட்டியை நர்ஸ் இரண்டு விரலால் தூக்கி, கட்டிலோர ஸ்டூலில் போட்டாள்.

“இதுல நிறம் மாறாதும்மா. நிறம் மாறலைன்னா வலிக்குன்னு யாரு நம்புவா?”

மாட்டிவிட்ட வெள்ளை கவுன் முதல் வலியிலேயே மஞ்சளானது. வலி கூடினால் ஆரஞ்சு. தாங்க முடியாத வலிக்குத்தான் சிவப்பு. வெளியே டிவித் திரையில் அந்த நிறத்தைப் பார்த்தபடி புருஷன் வீட்டார் வரிசையாக உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த நொறுக்குச் சத்தம் உள்ளே கேட்டது. செண்பகா வலிக்கு ஊசி கேட்டாள்.

“இன்னும் ஆரஞ்சுதானேம்மா” என்றாள் நர்ஸ்.

ஆறு மணி நேரம் கதறி ஒரு பெண்ணைப் பெற்றாள்.

மாமியார் இசக்கியம்மாள் உள்ளே வந்தாள். தொட்டில் பக்கம் திரும்பவே இல்லை. கழற்றிப் போட்டிருந்த ஆரஞ்சு கவுனை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

“செவக்கவே இல்லையே. இதுக்கா இந்தக் கத்து கத்துன? மூத்த மருமவளுக்கு ரத்தச் செவப்புல்லா வந்துது!”

கையில் ஒட்டிய ஈரத்தைத் தொட்டில் விளிம்பில் துடைத்தாள்.

குழந்தை வீறிட்டது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி மெல்ல மஞ்சளானது.

“மஞ்சதான். சும்மா அழுவுது” என்றாள் இசக்கியம்மாள்.

செண்பகா எக்கி அந்தத் துணியை உருவி மாமியாரின் காலடியில் எறிந்தாள். ஸ்டூலில் கிடந்த நைட்டியை இழுத்து, மகளை அதில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“நீ அழு தாயி. நான் நம்புதேன்.”