இரண்டு பெயர், நாலு செய்தி

அவள் போனுக்கு நாலு செய்தி வந்தது. அவளுக்குப் பிள்ளைகள் இரண்டுதான்.

பெரியவளுக்கு எல்லாம் நலம்.

பெரியவளுக்கு வெள்ளை அணுக்கள் மிக அதிகம், உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

சின்னவளுக்கு எல்லாம் நலம்.

சின்னவளுக்கு வெள்ளை அணுக்கள் மிக அதிகம், உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்காரர்களை ஒரு வழி பண்ணியிருப்பாள். இவள் யாரைத் திட்டுவாள்? அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, அந்தச் செய்திகளை அனுப்புகிற புரோகிராமை எழுதியதே இவள்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓடவிட்டிருந்தாள்.

விஷயம் சின்னதுதான், கண்ணுகளா, சொல்கிறேன். ஒரு அட்டவணையில் நோயாளிகளின் பெயர்கள். இன்னொன்றில் ரத்தப் பரிசோதனை முடிவுகள். இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டுமானால், இரண்டிலும் பொதுவாக ஏதாவது இருக்க வேண்டும். லேப்பில் இருக்கிற மெஷின் பழசு. பெயரை வாங்கிக்கொள்ளாது. போன் நம்பரும் பிறந்த தேதியும்தான் அதற்குத் தெரியும். அந்த இரண்டையும் வைத்தே கட்டிவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கிற ரெண்டு பேர் எங்கேருந்து வரப்போறாங்க?" என்று பக்கத்து மேசைத் தாடிக்காரரிடம் கேட்டதும் அவள்தான்.

"அப்படி யாராவது வந்தா எங்கிட்ட அனுப்பும்மா, டீ வாங்கித் தர்றேன்" என்று அவரும் சிரித்தார்.

ஐந்து நிமிஷ இடைவெளியில் பிறந்து, வீட்டில் ஒரே போர்வைக்குச் சண்டை போடும் இரண்டு பேர் அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை. பெற்ற அப்பாவே பேரை மாற்றிக் கூப்பிட்டு அசடு வழிவார். அவளுக்கோ அந்த இரண்டும் ஒருநாளும் ஒரே மாதிரி தெரிந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, தோன்றவே இல்லை.

மெஷினுக்கு என்ன தெரியும்? இரண்டு பெயரையும் இரண்டு முடிவோடும் மாற்றி மாற்றி முடிச்சுப் போட்டுவிட்டது.

முதலில் செய்தி போவதை நிறுத்தினாள்.

பிறகு முடிவுகளின் அட்டவணையைத் திறந்தாள். ஒரே நம்பர், ஒரே தேதி, இரண்டு வரி. ஒன்று நல்லது. ஒன்று கெட்டது. எது யாருடையது என்று சொல்ல அங்கே ஓர் எழுத்தும் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இரண்டும் உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்தன. முந்தாநாள் அப்பா கூட்டிவந்து ரத்தம் கொடுக்கவைத்தது நீச்சல் வகுப்பில் சேர்க்கத்தான். காய்ச்சல், தலைவலி, ஒன்றும் கிடையாது. காய்ச்சலில்லாமல் வெள்ளை அணுக்கள் இப்படி ஏறினால் ரத்தப் புற்றாகவும் இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியும்.

இப்போது பார்த்தால்?

சின்னவள் காலையில் பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள். பெரியவளுக்கு முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. சின்னவள் முகம் ஏன் வெளுத்திருக்கிறது? பெரியவள் ஏன் சுவரில் சாய்கிறாள்?

லேப்புக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வெள்ளை அணு அதிகம்னு வந்த ட்யூப் மேல ஒட்டின சீட்டுல பேர் இருக்கும்ல? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அவன் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ட்யூப்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. சாமியைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். என்னவென்று வேண்டுவது? இவள் இல்லையென்றால் அவள் என்று ஆகிவிடுமே.

"அக்கா... சின்னவ பேருதான் போட்டிருக்கு."

சின்னவளா? அதைக் கேட்ட அதே நொடியில், பெரியவளுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சீ, என்று அதைத் துரத்திவிட்டு வெளியே ஓடினாள். சின்னவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா தங்கம். உனக்கு மட்டும் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும், அவ்வளவுதான்."

குழந்தையின் உடம்பு விறைத்தது. ஊசி என்றாலே அவளுக்குக் குலைநடுக்கம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. அன்னைக்கு என் பேரக் கூப்பிட்டப்ப அக்காதான் போனா. வலிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்னு போனா. வந்து வலிக்கலன்னு சொன்னா. அப்புறம் அக்கா பேரக் கூப்பிட்டாங்க, நான் போனேன்."

சின்னவளை அணைத்திருந்த கை அணைத்தபடியே நின்றுவிட்டது. பெரியவள் பக்கம் தலையைத் திருப்ப அவளால் முடியவில்லை.

குட்டு வெளிப்பட்டுவிட்டது, அடி விழப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, பெரியவள் பெஞ்சில் மெல்ல நகர்ந்து வந்து அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"நிஜமாவே வலிக்கலம்மா."