ஒன்பதாவது முடிச்சு

"எட்டு முடிச்சு வரைக்கும் கை ஆடவே இல்லையேம்மா, அது போதாதா?" என்றார் இதய அறுவை சிகிச்சை நிபுணர்.

எதிரே உட்கார்ந்திருந்த, கைக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒட்டாமல் நிறுத்திய சின்னக் கொக்கி. விளிம்பில் விரல் படாமல், கொக்கி நகராமல், பட்டு நூலால் பத்து முடிச்சு போட வேண்டும். ஒன்பதாவதில் கொக்கி சாய்ந்திருந்தது.

"ஆபரேஷன் எட்டாவது முடிச்சோட முடிஞ்சிடுமா சார்?"

கார் விபத்தில் அவருடைய வலது கையில் இரண்டு தசைநார்கள் அறுந்து, தைத்து, நாலு மாதமாகிறது. இருபது வருடமாக நோயாளிகளின் கோப்பில் 'தெரபிக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதியவர்தான். அந்தத் தெரபி அறை லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரியும். குச்சியைத் துளையில் சொருகு, பொத்தானைப் போடு, களிமண்ணைக் கிள்ளு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அவரை உட்கார வைத்துவிட்டாள். மரக்கட்டையாகக் கிடந்த கட்டை விரல் அதில்தான் உயிர் பெற்றது. அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் 'கை தேறிவிட்டது' என்று இவள் எழுதித் தராமல் நிர்வாகம் அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடாது.

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

"போன மாசம் ஆறாவதுலயே சாஞ்சுது சார்."

"உனக்கென்ன, எத்தனை வாரம் தள்ளினாலும் சம்பளம் வந்துடும். அங்க ஒருத்தர் இதய வால்வு கெட்டு, மருந்துல காலம் தள்ளிட்டிருக்கார். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. வேற டாக்டர்கிட்ட போங்கன்னா, உங்க கைக்காகக் காத்திருக்கேன்கறார். அவர்கிட்ட இந்த டம்ளர் கதையை யாரு சொல்றது?"

நூலைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"நானே சொல்லிக்கறேன் சார். இன்னும் மூணு வாரம்."

"கொஞ்சமாவது மனசு இருக்கா உனக்கு?"

"கட்டை விரலை நீட்டுங்க."

மூன்று வாரம் கழித்துப் பத்து முடிச்சும் விழுந்தன. "இன்னொரு தடவை" என்றாள். போட்டார். "இன்னும் ஒரே தடவை." முப்பதாவது முடிச்சிலும் கொக்கி அசையவில்லை. அவள் பேனாவைத் திறந்தாள்.

"ஒருவழியா என் கையை நம்பிட்டே."

"என் வேலையை நம்பறேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தேறிய அந்தக் கையாலேயே அவளுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த திங்கள் காலை, முதல் ஆபரேஷன் அந்த வால்வு நோயாளிக்கு. எப்போதும் தம்பியோடு வருகிறவர், இன்று மனைவியை அழைத்து வந்திருப்பதாக உதவி டாக்டர் சொன்னார். தியேட்டர் வாசலில் நின்ற தள்ளுபடுக்கையருகே நிபுணர் குனிந்தார்.

"ரொம்ப நாள் காக்க வச்சுட்டேன். பயமா இருக்கா?"

"துளிகூட இல்லை டாக்டர். 'அந்தக் கை எப்போ சரியாகும்னு எனக்குத்தான் தெரியும், பொறுங்க'ன்னு என்னைப் பிடிச்சு வச்சதே இவதான்."

நிபுணர் நிமிர்ந்தார். படுக்கைக்கு அந்தப் பக்கம், கணவரின் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தாள் தெரபிஸ்ட்.