ஜீப்பின் முதுகில் தொங்கிய ஸ்டெப்னி

அந்த ஜீப் மலைப்பாதைக்குப் போவது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் சாயங்காலமே மண்வெட்டி, இழுவைக் கயிறு, தண்ணீர்க் கேன் எல்லாம் ஏறிவிட்டன. ஓட்டப்போகிறவர் நான்கு சக்கரங்களுக்கும் காற்று பார்த்தார். காலையில் சக்கரத்தடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழங்களைக்கூட அவர் மறக்கவில்லை.

"அங்கே தார் ரோடே கிடையாதாமே. வழியெல்லாம் கூரான பாறையாம்" என்று முன்சக்கரம் நடுங்கியது. மற்ற மூன்றுக்கும் அந்த நடுக்கம் ஒட்டிக்கொண்டது.

ஜீப்பின் முதுகில் தொங்கிய ஸ்டெப்னி நடுங்கிக்கொண்டிருந்த நான்கையும் பார்த்தது. பிறகு, "எதுக்குப் பயப்படறீங்க? அதான் நான் இருக்கேனே" என்றது.

"ஆமால்ல! நீ இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை?" என்று நான்கும் நிம்மதியாகத் தூங்கிப்போயின.

மறுநாள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஜீப் கிளம்பியது. மலையில் பாதி தூரம் ஏறியபோது ஒரு பாறை முன்சக்கரத்தைக் கிழித்துவிட்டது. ஓட்டியவர் அதைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டினார். ஜாக்கியை இறக்கியதும் ஸ்டெப்னி தரையோடு தரையாக அமுங்கிப்போனது. உள்ளே காற்றே இல்லை. சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

கிழிந்து கிடந்த முன்சக்கரம் கேட்டது: "எத்தனை நாளா இப்படி?"

"மழைக்காலத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டிருந்தது."

"நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றது ஸ்டெப்னி. "அதுக்குள்ள நீ நடுங்க ஆரம்பிச்சுட்டே."